துண்டு ஏறிய தலை

அத்தியாயம் 3

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் 'றுமைஸ் விசாரணை நிலையம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. 'விசாரணை' என்பதைப் பார்த்துவிட்டு, நோட்டன் பிரிட்ஜ் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் பாதிப் பேர் மாடியேறுவார்கள். தனுஜா அவர்களையும் சும்மா அனுப்புவதில்லை. பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு, வீட்டில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்றும் கேட்டு வைப்பாள். தொழில் அந்த இலட்சணத்தில் நடந்துகொண்டிருந்தது.

பலகையில் பேர் போட்டிருக்கும் றுமைஸ், காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். கடைசியாகக் கண்டுபிடித்த பொய் விபத்து முதலாளியின் மச்சானுடையதாகப் போய்விட்டதால், துப்பறிவாளராக வேண்டியதாயிற்று. தேயிலைக்கு நடுவில் பிறந்து தேத்தண்ணி குடிக்காத ஒரே மனுஷன். சுடுதண்ணிதான். சொல் என்பதை 'செல்லு' என்பார். கொட்டகலைத் தோட்டத்தில் பிறந்த தனுஜா அதைக் கேட்டுச் சிரிப்பாள். அவர் கண்டுகொள்ள மாட்டார். அவளுக்கும் ஊருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன்.

அன்று புதன்கிழமை. மேசையில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"நானா, வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதுக்குள்ள நான் வங்குரோத்து இல்லன்னு காட்டணும். இல்லாட்டி பேங்க் லோன வெட்டிருவாங்க. வீடு போயிரும். இந்த பேங்க் ஒண்ணு இப்பிடி எழுதிட்டா, இங்க வேற எந்த பேங்க்கும் என்னைய உள்ளுக்கே விடாது. வக்கீலுக்குக் கட்டுனது, அம்மா குடுத்த இ.பி.எஃப் காசு எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. யாரு சொன்னாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க. எனக்குத் தெரியும், பிரதாப்தான். அவன் வாயாலயே சொல்ல வைங்க."

நிலக்ஷி வட்டவளைத் தோட்டத்துப் பெண். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு படுக்கையறையும் ஒரு சின்னப் பின்வாசலும் உள்ள வீடு ஒன்றைப் பார்த்து, அந்த வீட்டையே ஈடு எழுதி பேங்க்கில் கடன் கேட்டிருந்தாள். தருகிறோம் என்றவர்கள் போன வாரம் கையை விரித்துவிட்டார்கள். பிரதாப் அவளுடைய முறை மச்சான். கட்டிக்கொள்வதாக இருந்தது. அவள் விமானம் ஏறியதும் அது இல்லாமற்போயிற்று.

"பேங்க் என்னண்டு எழுதியிருக்கான், இன்னொருக்கா செல்லு," என்றார் றுமைஸ்.

தனுஜா ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தாள். "'தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் இலங்கையிலிருந்து தொலைபேசியில் பெற்ற தகவலின்படி, தங்கள் தலையில் ஏற்கனவே துண்டு ஏறியிருக்கிறது. தமிழில் இதற்குத் திவாலானவர் என்று பொருள். இதைத் தாங்கள் மறைத்துள்ளீர்கள்.' துண்டுங்கிற எடத்துல துவாய்க்கு இருக்கிற இங்கிலீசுச் சொல்ல, டவல்னுதான் போட்டிருக்கான் நானா. வெள்ளக்காரன் பேங்க்ல துவாய் எல்லாம் கணக்குல வருது."

"ஒங்கட தோட்டத்துல, கடன்ல முழுகிப் போனவன என்னண்டு செல்வாங்க?"

"வங்குரோத்துன்னுதான். நாடே ஆனப்ப தெனம் ரேடியோவுல கேட்டோமே. தலையில துண்டு போடுறதெல்லாம் இந்தியாப் படத்துல."

"சரியா செல்லிட்டாய். மொழிபெயர்த்தது இந்தியா ஆள். பேசினது நம்மட ஆள். ஒரே வார்த்த, ரெண்டு நாடு." றுமைஸ் குடையை எடுத்தார். "வா, பிரதாப்பப் பாத்துட்டு வருவோம்."

"அடிக்க வந்தா நான் ஓடிருவேன். சம்பளம் அவ்வளவுதான் தாறீங்க."

வட்டவளையில் இறங்கும்போது மழை. அந்த ஊரில் மழையைப் பற்றிப் பேசுபவன் வெளியூர்க்காரன். றுமைஸின் குடையில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால், பிரதாப்பின் கொமியுனிகேஷன் கடைக்குள் நுழையும்போது தனுஜா தொப்பலாக நனைந்திருந்தாள்.

போனுக்கு ரீலோட், போட்டோக் கொப்பி, பாஸ்போர்ட் படம் எல்லாம் அந்த ஒரு கடைக்குள்தான். கல்லாவுக்குப் பின்னால் இருந்தவன் முகத்தில் மூன்று நாள் தாடி. நிலக்ஷி என்ற பெயரைக் கேட்டதும் அவன் போட்டோக் கொப்பி மெஷினை நிறுத்தினான்.

"மொதல்ல ஒரு துவாய் குடுங்க தம்பி," என்றாள் தனுஜா. "சண்டைய தலை தொடச்சிட்டுப் போடுவோம்."

அவன் சிரிக்கவில்லை. துவாயை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

"நாந்தான் சொன்னேன்," என்றான். "அவ அப்பிடித்தானே சொல்றா? போன் போட்டு நாயே பேயேன்னு திட்டிட்டா. நான்தான்னே எழுதிக்கோங்க. போங்க."

தனுஜா றுமைஸைப் பார்த்தாள். ஒரு வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் ஓட்டோக் காசுகூடத் தேறாது. றுமைஸ் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரதாப், நீங்க லெஸ்டருக்கு போன் போட்டீங்க. பேங்க்காரன் எடுத்தான். நீங்க தமிழ்ல பேசினீங்க. அவன் என்ன செய்வான்?"

"என்ன செய்வான்?"

"வெச்சிருவான். விளங்காத பாஷையில ஒருத்தன் கத்தினா வேற என்ன செய்றது? ஆனா அங்க மொழிபெயர்ப்பாளர் ஒராள் பக்கத்துல ரெடியா இருந்திருக்கு. அப்பிடீண்டா, தமிழ் பேசுற ஆளோடதான் பேசப் போறோம்னு பேங்குக்கு முன்னுக்கே தெரியும். தெரியணும்னா, போன் எடுத்தது அவங்க. இங்க இருந்து யாரும் அவங்களுக்கு எடுக்கல்ல." றுமைஸ் சுவரில் எழுதியிருந்த கடை நம்பரைக் காட்டினார். "நிலக்ஷி பேங்குக்குக் குடுத்த இலங்கை நம்பர் இதுதான். தோட்டத்து லய வீடுகள்ல சிக்னல் இல்ல. எல்லாருக்கும் வாற கோல் ஒங்கட கடைக்குத்தான் வரும். அவங்க ஒங்களத் தேடி எடுத்தாங்களா, வேற யாரையும் கேட்டாங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் படியேறி வந்து, ஈரக் கையால் ஒரு தாளை நீட்டினாள்.

"ரீலோட் நம்பர துண்டுல எழுதியாந்திருக்கேன் தம்பி. நூறு ரூவாய்க்குப் போடு."

தனுஜா தலை துவட்டுவதை நிறுத்தினாள். கையில் இருந்த துவாயைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையில் இருந்த தாளையும் பார்த்தாள்.

"நானா," என்றாள், "நம்ம பக்கம் துண்டுன்னா துவாய் இல்ல. சீட்டு. ஆஸ்பத்திரித் துண்டு, மருந்துத் துண்டு. இப்ப நான் துவாய்தானே கேட்டேன், துண்டு கேக்கலையே!"

"அப்ப தலையில சீட்டு ஏறுறதுன்னா?"

தனுஜாவுக்கு அவளுடைய அப்பாவின் குரல் கேட்டது. சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று தன்னையே திட்டிக்கொள்ளும் குரல். "எங்க அப்பா சொல்வாரு. 'துண்டு ஏறுன தலைடா நம்ம தலை, நிமிராது'ன்னு. கடன் துண்டு நானா. ஆள் புடிச்சுத் தோட்டத்துக்குக் கூட்டியாந்த பெரிய கங்காணி காலத்துச் சமாச்சாரம். இந்தத் தம்பி வயசுக்கு அந்தப் பேச்சு வாயில வராது. இவரு லோன்னுதான் சொல்வாரு."

றுமைஸ் பிரதாப்பைப் பார்த்தார். வந்த பெண் ரீலோட் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"யாரையோ காப்பாத்த நீங்க திட்டு வாங்கிக்கொண்டு இருக்கிறீங்க. யாரு?"

"அத்தைகிட்ட கோவமாப் பேசிராதீங்க," என்றான் பிரதாப்.

அத்தை என்றால் நிலக்ஷியின் அம்மா லெட்சுமி.

பிரதாப்போடு லயத்துக்கு மலையேறும்போது தனுஜாவுக்கு வேடிக்கையாகப் பேச ஒரு பகிடியும் வரவில்லை. ஊரெல்லாம் கள்ளனைத் தேடி வந்து, கடைசியில் பெற்றவளின் காம்பராக் கதவைத் தட்டப் போகிறோம் என்பதை நினைக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

லெட்சுமி கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். வந்தவர்கள் யாரென்று பிரதாப் சொன்னதும் அவள் பதறவில்லை. உட்காரச் சொல்லி, மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். றுமைஸ் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். தனுஜா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

"பேங்க்ல இருந்து ஒங்களோட பேசினாங்களா?"

"பேசுனாங்க. தமிழ்ப் புள்ள ஒண்ணு. நீங்க மகளுக்குக் குடுத்த காசு சும்மா குடுத்ததா, பொறவு திருப்பிக் கேப்பீங்களான்னு கேட்டுச்சு. பெத்த புள்ளைக்குக் குடுத்தத எவ கேப்பான்னேன்."

"அதோட வெச்சிருக்கலாமே?"

"வச்சிருக்கலாம்." லெட்சுமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "நான் வீடு வாங்கன்னுதான் குடுத்தேன் நானா. பேங்க்ல பேசுனதுக்கு மொத நாளுதான் இந்த பிரதாப்பு வெவரம் சொன்னான். பேரு மட்டும் இவளோடதாம். கடன் தீர்ற வரைக்கும் வீட்டு மேல பேங்க்குக்குத்தான் பாத்தியதையாம். முப்பத்தஞ்சு வருஷம் வேல செஞ்சு கழிக்கணுமாம். வேல போனா விசா போகுமாம், விசா போனா வீடு போகுமாம். இது துண்டு இல்லாம வேற என்னா? எங்க பாட்டனும் இப்பிடித்தான் வந்தாரு. கப்பல் செலவ கங்காணி துண்டுல எழுதுனாரு. அது தீராம தோட்டத்த விட்டு எறங்க முடியாது. வேற தோட்டத்துத் தொரை கடனக் கட்டிட்டு ஆளக் கூட்டிட்டுப் போனா, துண்டும் கூடவே போகும். எல்லாம் தீந்தாத்தான் கடன் இல்லன்னு பத்துச்சீட்டு குடுப்பாங்க. அது கையில இருந்தாத்தான் ஊருக்குத் திரும்ப முடியும். பாட்டன் அதக் கண்ணால பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு."

"அதால பேங்க்காரிக்கிட்ட..."

"கெஞ்சினேன். அந்தப் புள்ள நல்லா தமிழ் பேசுச்சு, நம்ம ஆளுன்னு நெனச்சேன். 'அவ தலையில துண்டு ஏறிருச்சு தாயி, நீங்க பாத்து எறக்கி விட்டுருங்க'ன்னேன். சரிங்கம்மான்னு சொல்லிட்டு வச்சிருச்சு." அவள் றுமைஸை நேராகப் பார்த்தாள். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல," என்றார் றுமைஸ்.

கோயில் முடக்கில், பாதை வளையும் இடத்தில்தான் சிக்னல் வரும். நாலு பேரும் அங்கே போய் நின்றார்கள். தனுஜா கோல் எடுத்தாள். ஒரே ரிங்கில் நிலக்ஷி வீடியோவில் வந்தாள். வேலைச் சட்டையோடு, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள்.

"யாரு நானா? அவன்தானே?"

றுமைஸ் தொண்டையைச் செருமினார். பிரதாப் ஒரு அடி முன்னால் வந்தான். லெட்சுமி அவனைக் கையால் விலக்கிவிட்டு போனை வாங்கினாள்.

"நாந்தான்டி."

நிலக்ஷி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஏம்மா?"

"துண்டுன்னு சொன்னேன். விட்டுருங்கன்னு கேட்டேன். இவங்க இப்பிடி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியும்மா அது துண்டுதான்னு." நிலக்ஷி கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்பதற்கு லேசாக இருந்திருக்கும். "இங்க துண்டு இல்லாதவளுக்கு வீடு இல்ல. ஒரே ரூமுல நாலு பேர் படுக்கிறோம். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தா, கட்டில்ல இருக்கிறவ எந்திரிச்சாத்தான் நான் படுக்கலாம். லயத்துலயாவது ஒரு மூலை எனக்குன்னு இருந்துச்சு. அதுவும் நமக்கு எங்க சொந்தம்? ஒரு துண்டு நெலம் பேருல இருந்திருந்தா, நான் ஏன் இங்க வாறேன்?"

நூற்றைம்பது வருஷமாக அந்த மலையில் தேயிலைக்குத்தான் நிலம் இருந்தது.

"வீடு கெடச்சா தீவாளிக்கு வருவியா?" என்றாள் லெட்சுமி.

"இந்த வருஷம் முடியாதும்மா."

"அடுத்த வருஷம்?"

"ரெண்டு வேல செஞ்சாத்தான்மா தவண கட்ட முடியும்."

லெட்சுமி தலையாட்டினாள். பிறகு றுமைஸின் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள என்னா எழுதிக் குடுக்கணும்?"

பிரதாப்பின் கடைக்கே திரும்பி வந்தார்கள். தனுஜா கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். றுமைஸ் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். துண்டு என்பதன் உண்மையான பொருள் இன்னது, அது திவாலைக் குறிக்காது, பழைய தோட்டக் கடன் முறையைக் குறிக்கும் என்று அவர் ஆரம்பித்தார். இரண்டு வரி வந்ததும் லெட்சுமி கை காட்டி நிறுத்தினாள்.

"அதப் படிச்சா பேங்க்காரன் என்னா நெனப்பான்? இவ ஆத்தாளே நம்மள கங்காணிங்கிறாளேன்னு நெனைக்க மாட்டானா?"

றுமைஸ் யோசித்தார். "நெனைக்கலாம்."

"அப்ப அது வேணாம். துண்டுன்னா துவாய்னே எழுதுங்க. எம்மகளுக்கு தலையில நீர் கோத்துக்கும், குளிருக்குத் துவாய் கட்டிருக்கான்னு சொன்னேன், அந்தப் புள்ளைக்கு வெளங்கலன்னு எழுதுங்க."

"அது பொய்யாச்சே," என்றாள் தனுஜா.

"ஆமா. அதுதான் பொய்யி."

காப்புறுதிக் கம்பெனியில் ஒரு பொய்யைக் காப்பாற்ற மறுத்ததற்காக வேலையை விட்டு வந்த மனுஷன் றுமைஸ். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அவங்க செல்றத அடி," என்றார்.

தனுஜா அடித்தாள். பிரதாப் அச்செடுத்துக் கொடுத்தான். லெட்சுமி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நிலக்ஷியின் குரல் பதிவு ஒன்று போனுக்கு வந்தது. பேங்க் ஒத்துக்கொண்டுவிட்டதாம். மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட தவறுக்கு வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார்களாம். பிரதாப் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டுமாம். அழுகையும் சிரிப்பும் கலந்து பேசினாள். தனுஜா அதை அப்படியே பிரதாப்புக்கு அனுப்பி, அத்தையைக் கடைக்கு வரச் சொல்லிக் கேட்க வையுங்கள் என்றாள்.

"பேங்க் வருத்தப்படுதாம் நானா," என்றாள் றுமைஸிடம். "நடந்த தவறுக்கு இல்ல, நாம எழுதுன தவறுக்கு."

இருட்டும் நேரம் வட்டவளையிலிருந்து பதில் வந்தது. லெட்சுமியின் குரல். போனில் பேசிப் பழகாதவர்கள்போலச் சத்தமாகப் பேசியிருந்தாள்.

"நல்லா இருக்கட்டும் தாயி. பால் காச்சுற நாள மட்டும் சொல்லச் சொல்லு, நான் இங்க வெளக்கேத்துறேன். இன்னொண்ணு கேட்டுச் சொல்லு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு பத்துச்சீட்டு குடுப்பாங்கல்ல, அத அவ கையில குடுப்பாங்களா, இல்ல தோட்டத்து விலாசத்துக்கு அனுப்புவாங்களா? இங்க அனுப்புனா வாங்கி வைக்க ஆள் இருக்காது."

தனுஜா அதை இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டாள்.

"நிலக்ஷிக்கு இத அனுப்பவா நானா?"

றுமைஸ் சுடுதண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பதில் சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நனைந்த பை ஒன்றோடு ஒரு ஆள் வாசலில் நின்றான்.

"நோட்டன் பிரிட்ஜ் பஸ் எத்தன மணிக்குங்க?"

"கடைசி பஸ் போயிருச்சுங்க," என்றாள் தனுஜா. வீட்டில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று அவனிடம் அவள் கேட்கவில்லை.